பிழையை எழுதப் பழகுவோம்!



காலை ஏழரை மணிக்குப் பொம்மனஹள்ளிச் சந்திப்பில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஓசூர் நெடுஞ்சாலையின் இரு மருங்கும் மக்கள் வெள்ளம். கையில் சாப்பாட்டுப் பை, கழுத்தில் அடையாள அட்டை, காலில் பறக்கும் செருப்பு. கார்மெண்ட்ஸ் தொழிற்சாலைகளை நோக்கி விரையும் பெண்கள் ஒருபுறம். பொம்மசந்திராத் தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு உறுமி நிற்கும் கம்பெனி வண்டிகள் மறுபுறம். இவற்றுக்கெல்லாம் மேலே, 2025 ஆகஸ்டு முதல், மஞ்சள் தட மெட்ரோ வண்டி ஓடுகிறது. அந்தத் தடத்தின் கடைசிக்கு முந்திய நிலையத்துக்கு ஒரு மருந்து நிறுவனத்தின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்: பயோகான் ஹெப்பகோடி. 1978ஆம் ஆண்டு, இதே பெங்களூரில் ஒரு வாடகை வீட்டின் கார்க் கொட்டகையில், பத்தாயிரம் ரூபாய் முதலோடு, பப்பாளியிலிருந்து நொதி பிரித்தெடுக்கும் தொழிலாகக் கிரண் மஜும்தார் தொடங்கிய நிறுவனம் அது.

அந்த மக்கள் வெள்ளத்தில் என் அன்னையும் ஒருவர். தருமபுரி மாவட்டத்தில் மானம் பார்த்த பூமி பொய்த்த ஆண்டில் மூட்டை கட்டிக்கொண்டு வந்த குடும்பம் எங்களுடையது. அப்போது எனக்கு வயது பத்து. இன்று இருபத்து மூன்று. மருந்துப் பகுப்பாய்வில் முதுநிலை பயில்கிறேன். அம்மா நடக்கும் அதே சாலையில்தான் நானும் நடக்கிறேன். அவர் வேலைக்குப் போகிறார். நான் வேலை கிடைக்குமா என்று எண்ணிக்கொண்டே போகிறேன்.

நம்முள் பெரும்பாலோர் நிலை இதுவன்றோ? எனவேதான் இந்த இதழில் ஓரிரு பக்கம் கேட்டு வாங்கி, வேலைக்குரிய தகுதி எது என்னும் கேள்வியை உங்கள்முன் வைக்க விழைகிறேன். அறிவுரை கூறும் தகுதி எனக்கில்லை. ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளும் கடமை மட்டும் உண்டு. அதிலிருந்து தொடங்குவதே முறை.

பி.பார்ம். முதலாண்டு. கால்சியம் குளூக்கோனேட் என்னும் மருந்தின் தூய்மையை அளக்கும் பரிசோதனை. மருந்தைத் தண்ணீரில் கரைத்து, பியூரெட்டிலிருந்து ஈடிடிஏ கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நிறம் மாறும் இடத்தில் நிறுத்தி, செலவான அளவைக் கொண்டு கணக்கிட வேண்டும். நூற்றுக்கு நூறை ஒட்டி விடை வருவதே முறை. எனக்கு வந்தது 108 விழுக்காடு!

நூறு பங்கு மருந்தில் நூற்றெட்டுப் பங்கு மருந்து எப்படி இருக்கும்? இரண்டாம் முறை செய்தேன். மீண்டும் அதே எண். மணி ஒன்றாகிவிட்டது, ஆய்வகத்தைப் பூட்டும் நேரம். பக்கத்து மேசைத் தோழி முன்னாண்டு மாணவர் ஒருவரின் ரெக்கார்டு நோட்டை நீட்டினாள். அதில் 99.4 என்று அழகாக எழுதியிருந்தது. நான் என்ன செய்தேன்? 99.4 என்றே எழுதினேன். விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, பியூரெட் அளவுகளையும் அதற்கேற்ப இட்டு நிரப்பினேன். சிவப்பு மையில் கையெழுத்து விழுந்தது. பத்துக்குப் பத்து! வெட்கப்படவில்லை, தோழர்களே, மகிழ்ந்தேன். ஏனெனில் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள்.

நான்கு ஆண்டுகள் அவ்வாறே கழிந்தன. என் ரெக்கார்டு நோட்டுகள் அனைத்தும் முத்துப்போன்ற எழுத்தில், ஒரு பிழையும் இன்றித் திகழ்ந்தன. பட்டமும் பெற்றேன். ஓசூர்ச் சாலையிலுள்ள ஒரு மருந்து நிறுவனத்தின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பும் வந்தது. கடன் வாங்கிய கோட்டு, பளபளக்கும் காலணி, மனப்பாடம் செய்த அறிமுக உரை எல்லாவற்றோடும் சென்றேன். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றதற்கு மூன்று நிமிடம் ஆங்கிலத்தில் தங்குதடையின்றிப் பேசினேன். எதிரில் இருந்தவர் நரைத்த தலையர், பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"நீங்கள் செய்த பரிசோதனைகளில் தவறாக முடிந்த ஒன்றைச் சொல்லுங்கள். ஏன் தவறியது என்பதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?"

நான் விழித்தேன். "ஒன்றும் தவறவில்லை, ஐயா" என்றேன்.

"நான்கு ஆண்டுகளில் ஒன்றுகூடவா?" என்றார். குரலில் ஏளனம் இல்லை; இரக்கம் இருந்தது. அதுதான் என்னைச் சுட்டது. வேலை கிடைக்கவில்லை.

இங்கே ஒரு பழங்கதையை நினைவூட்ட வேண்டும். கதையன்று, நடந்த வரலாறு. 1937ஆம் ஆண்டு அமெரிக்காவில் சல்பனிலமைடு என்னும் மருந்தைக் குழந்தைகளும் குடிக்கத்தக்க இனிய நீர்மமாக்க ஒரு நிறுவனம் முயன்றது. அது எளிதில் கரையவில்லை. அந்நிறுவனத்தின் வேதியியலார் டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்தார். கரைந்தது. பழ மணம் சேர்த்தார்கள். நிறத்தைப் பார்த்தார்கள், மணத்தைப் பார்த்தார்கள், சுவையைப் பார்த்தார்கள். மூன்றும் நன்றாக இருந்தன. சந்தைக்கு அனுப்பினார்கள். நஞ்சு உண்டா என்பதை மட்டும் பார்க்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகள் பலர். மறு ஆண்டே, 1938இல், விற்பனைக்கு முன் மருந்தின் பாதுகாப்பை மெய்ப்பிக்க வேண்டும் என்று அந்நாடு சட்டம் செய்தது.

நிறம், மணம், சுவை! இன்று நம் கல்லூரிகளில் 'வேலைவாய்ப்புத் திறன் வகுப்பு' என்ற பெயரால் நடப்பது என்ன? கைகுலுக்குவது எப்படி, நாற்காலியில் அமர்வது எப்படி, தன்விவரக் குறிப்பை எந்த எழுத்துருவில் அச்சிடுவது என்பனவே. நிறம் பார்க்கிறார்கள்; மணம் பார்க்கிறார்கள்; சுவை பார்க்கிறார்கள். இந்தப் பிள்ளை தான் கண்டதைக் கண்டபடி எழுதுவானா, அவன் போடும் கையெழுத்தை நம்பி ஒரு தாய் தன் குழந்தைக்கு மருந்து புகட்டலாமா என்பதை யாரும் பார்ப்பதில்லை. கோட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அழுக்குச் சட்டையோடு போவது நேர்மைக்கு அடையாளமும் ஆகாது. ஆனால், செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் சொன்னால் அரை நிமிடத்தில் அழகிய தன்விவரக் குறிப்பை எழுதித் தரும் காலம் இது. எல்லோர் கையிலும் இருக்கும் அழகு எவருக்கும் தகுதியாகாது.

'1937 எங்கே, நாம் எங்கே?' என்று கேட்பீர்கள். அதே நஞ்சு நம் நாட்டையும் விட்டபாடில்லை. 1986இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் அதே நஞ்சு கலந்த கிளிசராலை உட்கொண்ட நோயாளிகள் 14 பேர் இறந்தனர். 2022இல் காம்பியா நாட்டில், இந்தியாவில் செய்த இருமல் மருந்துகளோடு தொடர்புபடுத்தப்பட்டு, அறுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் சாவு உலகச் செய்தியாயிற்று. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாடா வட்டாரத்தில் 'கோல்ட்ரிஃப்' என்னும் இருமல் மருந்து குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. இருபதுக்கும் மேற்பட்ட பிஞ்சுகள் மடிந்தன. அந்த மருந்து எங்கே செய்யப்பட்டது? காஞ்சிபுரம் மாவட்டத்தில்! நாம் பட்டும் பல்லவரும் என்று பெருமை பேசும் காஞ்சிபுரத்தில்! தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்த மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 விழுக்காடு இருந்தது. விதி தரும் உச்ச அளவு 0.1 விழுக்காடு.

எண்ணிப் பாருங்கள். அந்தத் தொகுதிக்கும் தாள்கள் இருந்திருக்க வேண்டும். வந்த கரைப்பானைச் சோதித்ததாக ஒரு தாள், முடிந்த மருந்தைச் சோதித்ததாக ஒரு தாள், விற்பனைக்கு விடுத்ததாக ஒரு தாள் என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு கையெழுத்தைக் கேட்பதே மருந்துத் தொழிலின் முறை. அங்கே நடந்தது என்ன என்பதை நீதிமன்றம் ஆராயட்டும். நான் கேட்பது வேறு. நம்முள் ஒருவர் அந்த மேசையில் அமர்ந்திருந்தால் என்ன எழுதியிருப்போம்? நான்கு ஆண்டுகள் 108ஐ 99.4 என்று எழுதிப் பழகிய கை, அன்று மட்டும் திடீரென உண்மையை எழுதிவிடுமா?

இதுதான் நான் சொல்ல வந்தது. நேர்மை என்பது மேடையில் பேசும் அறம் மட்டும் அன்று. மருந்துத் துறையில் அஃது ஒரு கைத்தொழில். பிப்பெட் பிடிக்கப் பழகுவதுபோல் அதையும் கையால் பழக வேண்டும். நம் கல்லூரி ஆய்வகங்களோ நேர் எதிரானதைப் பழக்குகின்றன.

தொழிற்சாலைகளில் இதற்கு வகுத்த நெறியைக் கேளுங்கள். ஐந்து ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்தைக் கோத்து 'அல்கோவா' என்பார்கள். எழுதியவர் யார் என்று தெரிய வேண்டும். எவரும் படிக்கும்படி இருக்க வேண்டும். செயல் நடக்கும் அந்த நேரத்திலேயே எழுத வேண்டும். படியெடுத்ததாக இல்லாமல் முதற்பதிவாக இருக்க வேண்டும். நடந்ததற்கு மாறின்றி இருக்க வேண்டும். தவறாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. வெள்ளை மை பூசக் கூடாது. பழைய எண் தெரியும்படி ஒரே கோடு கிழித்து, அருகில் சரியானதை எழுதி, காரணமும் கையொப்பமும் நாளும் இட வேண்டும். பிழை மறைவதற்கன்று, தெரிவதற்கே இந்த ஏற்பாடு! நம் ரெக்கார்டு நோட்டில் அடித்தல் இருந்தால் மதிப்பெண் குறைகிறது. அங்கே அடித்தலே இல்லாத நோட்டைக் கண்டால் ஆய்வாளர் ஐயுறுகிறார்.

வரம்புக்கு வெளியே ஒரு விடை வந்தால் என்ன செய்வது என்பதற்கும் அங்கே முறை உண்டு. 1993இல் அமெரிக்காவில் பார் லேபரட்டரீஸ் என்னும் நிறுவனத்தின்மீது அரசு தொடுத்த வழக்கில் இது தெளிவாயிற்று. நல்ல விடை வரும்வரை திரும்பத் திரும்பச் சோதித்து, வந்ததும் பழையதைத் தூக்கியெறிவது ஆகாது என்று நீதிமன்றம் கூறிற்று. அன்று முதல், வரம்பு மீறிய விடை ஒரு விசாரணையின் தொடக்கமாயிற்று. கருவி சரியா, கரைசல் சரியா, கணக்குச் சரியா என்று முதலில் ஆய்வகத்தில் தேடுவார்கள். அங்கே குற்றம் இல்லையென்றால் உற்பத்திக் கூடத்தில் தேடுவார்கள். அந்த நரைத்தலையர் என்னிடம் கேட்டது இந்தத் தேடும் திறனைத்தான். அதற்குத்தான் கூலி. நல்ல விடையை எழுத நான் எதற்கு? முன்னாண்டு மாணவர் நோட்டே போதுமே!

நேர்முகத்தில் தோற்ற பிறகு முதுநிலையில் சேர்ந்தேன். ஆய்வகம் ஓய்ந்திருந்த ஒரு பிற்பகல், பேராசிரியரிடம் இசைவு பெற்று அந்தக் கால்சியம் குளூக்கோனேட் பரிசோதனையை மறுபடி செய்தேன். வாலை வடிநீரில் கரைத்தேன். 99க்கும் 100க்கும் இடையே விடை வந்தது. பிறகு, அன்று என்ன செய்தோம் என்று நினைத்துப் பார்த்தேன். அன்று வடிநீர்க் கேன் காலி. அவசரத்தில் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் கரைத்திருந்தேன். அதேபோல் இப்போதும் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் கரைத்துப் பார்த்தேன். விடை நூறைத் தாண்டி ஓடிற்று! உப்பு நீரில் கால்சியமும் மெக்னீசியமும் உண்டு; ஈடிடிஏ அவற்றையும் சேர்த்துப் பிடித்துக் கணக்கில் ஏற்றிவிடுகிறது. அவ்வளவுதான்.

ஆகவே 108 என்னும் எண் பிழையன்று. 'உன் தண்ணீர் சரியில்லை' என்று அது உண்மையைச் சொல்லிற்று. அதன் வாயை அடைத்தவள் நான். கரைப்பானில் கலப்படம் உண்டு என்று எண் கூவும்போது காதை மூடிக்கொள்வதும் இதே செயல்தானே? அளவில்தான் வேறுபாடு. என் பிழையால் பாழானது ஒரு ரெக்கார்டு நோட்டு. பிறர் பிழையால் பாழானவை குழந்தைகளின் உயிர்கள்.

இதே நஞ்சின் வரலாற்றில் நமக்கு நம்பிக்கை தரும் ஒருவரும் இருக்கிறார். 1937இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் மருந்தியல் ஆய்வு மாணவி ஒருவர் இருந்தார். கனடாவிலிருந்து படிக்க வந்தவர். பெயர் பிரான்சிஸ் ஓல்டம். வயது இருபத்து மூன்று, என் வயது! அந்தச் சல்பனிலமைடு நீர்மத்தில் கொன்றது எது என்பதை விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்து உறுதிசெய்த குழுவில் அவரும் பணிசெய்தார். கண்டதைக் கண்டபடி குறிக்கும் பயிற்சி அந்த இளவயதிலேயே அவர் கையில் ஏறியது. 1960இல், பிரான்சிஸ் கெல்சி என்ற பெயரோடு, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புதிதாகச் சேர்ந்தார். சில வாரங்களில் தாலிடோமைடு என்னும் மருந்தின் விண்ணப்பம் மேசைக்கு வந்தது. நிறுவனம் விரட்டிற்று, 'தந்திருக்கும் சான்று போதாது' என்று அவர் மறுத்துக்கொண்டே இருந்தார். அம்மருந்தை ஏற்ற நாடுகளில் பல்லாயிரம் குழந்தைகள் கை கால் குறைந்து பிறந்தன. அமெரிக்கா பேரளவில் தப்பியது. அவரைக் காத்தது நாநயமா? நடையுடையா? 'தாளில் இல்லாததை இருப்பதாக ஏற்கமாட்டேன்' என்ற பழக்கம்!

நேர்மைக்கு விலையே இல்லை என்று இனிப்பாகப் பேசி உங்களை ஏமாற்ற மாட்டேன். விலை உண்டு. ரான்பாக்சி நிறுவனத்தில் ஆய்வுத் தரவுகள் பொய்யாகப் புனையப்பட்டதைக் கண்டறிந்த தினேஷ் தாக்கூர் வேலையை விட்டு வெளியேற நேர்ந்தது. ஆண்டுகள் பல கழிந்த பின், 2013இல், அந்நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் செலுத்த இசைந்தது. உண்மை வென்றது, ஆனால் நாள் கடந்து வென்றது. வாடகையும் கல்விக் கடனும் நாள் கடந்து வருவதில்லை என்பதை நான் அறிவேன்.

இதை எண்ணிக் குழம்பியிருந்த ஓர் இரவில்தான் அம்மாவிடம் கேட்டேன். அவர் தொழிற்சாலையில் செக்கர். தைத்த சட்டைகளைப் புரட்டிப் பார்த்து, குறை உள்ள இடத்தில் சிவப்பு அம்பு ஒட்டி, தாளில் குறிப்பது அவர் வேலை. மணிக்கு இத்தனை என்று கணக்கு. கணக்குக் குறைந்தால் மேற்பார்வையாளர் கத்துவார். குறையைக் குறிக்காமல் விட்டால் கணக்கு ஏறும்.

"அம்மா, ஒருநாளாவது பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டிருக்கீங்களா?" என்றேன்.

அம்மா வெங்காயம் அரிவதை நிறுத்தவில்லை. "ஆரம்பத்துல ஒருநாள் விட்டேன் கண்ணு. ராத்திரி தூக்கம் வல்ல. தையல் பிரிஞ்ச சட்டைக்கு நல்ல சட்டைன்னு கையெழுத்துப் போட்டா, அந்தக் கையெழுத்து என்னோடதுதானே? எம்பேரு அதுல இருக்குதுல்ல?" என்றார். சற்று நிறுத்தி, "திட்டு வாங்குனா காதோட போயிடும், பேரு போனா வருமா?" என்றார்.

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர் என் அன்னை. 'அல்கோவா' அவருக்குத் தெரியாது. ஆனால் அதன் முதல் விதியை, எழுதியவர் யார் என்பதற்குப் பொறுப்பேற்கும் விதியை, எனக்குமுன் அவர் கற்றுவிட்டார். அவர் பதின்மூன்று ஆண்டுகளாக ஒரே தொழிற்சாலையில் நிலைத்திருக்கிறார். 'அந்த அம்மா பார்த்தது என்றால் திரும்பப் பார்க்க வேண்டாம்' என்று சொல்லத்தக்க பெயரை ஈட்டியிருக்கிறார். வேலைக்குரிய தகுதி வேறென்ன, தோழர்களே?

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன? எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

முதலாவது, இன்றே ஒரு சொந்த நோட்டு வாங்குங்கள். கல்லூரிக்குக் காட்டும் நோட்டு அன்று. உங்களுக்கே உரிய நோட்டு. பக்கங்களுக்கு எண் இடுங்கள். ஆய்வகத்தில் நடப்பதை நடக்கும்போதே பேனாவால் எழுதுங்கள். வராத விடையைத்தான் முதலில் எழுதுங்கள். அதன் கீழே 'ஏன்?' என்று ஒரு வரி. நேர்முகத்துக்குப் போகும் நாளில் அந்த நோட்டில் பத்துத் தோல்விகளும் அவற்றின் காரணங்களும் இருக்கட்டும். மனப்பாடம் செய்த அறிமுக உரையைவிட அவை உரக்கப் பேசும். பட்டப் படிப்பின் ஏழாம் பருவத்தில் 'பிராக்டிஸ் ஸ்கூல்' என்று 150 மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்களே, அதைப் பழைய அறிக்கையைப் படியெடுத்துக் கழிக்காதீர்கள். அஃது உங்களுக்குத் தந்த மேடை.

இரண்டாவது, கருவியின் விசையை அழுத்துவதோடு நிற்காதீர்கள். எச்.பி.எல்.சி. இயக்கத் தெரியும் என்று எல்லோரும் எழுதுகிறோம். வரைபடத்தில் முகடு அகன்று சாய்ந்தால் எங்கே பார்ப்பீர்கள்? அழுத்தம் திடீரென ஏறினால் என்ன பொருள்? குமிழி புகுந்தால் எப்படித் தெரியும்? நலமான கருவியை ஓட்டுவது பழக்கம். நோயுற்ற கருவியை அறிவது தொழில். அந்தக் கருவியின் கணினி, யார் எப்போது எந்த எண்ணை மாற்றினார் என்பதையெல்லாம் தடம் பிடித்து வைக்கிறது என்பதையும் மறவாதீர்கள். நோட்டை ஏமாற்றிய கை அங்கே அகப்பட்டுக்கொள்ளும்.

மூன்றாவது, மொழி. ஆங்கிலம் வேண்டும், ஐயமில்லை. ஆனால் மேடைப் பேச்சு ஆங்கிலமன்று நமக்கு முதலில் வேண்டுவது. என்ன நடந்தது, எப்போது நடந்தது, யார் பார்த்தார், என்ன செய்தோம் என்று நான்கு வரி பிழையின்றி எழுதும் ஆங்கிலம். நாளுக்கு நான்கு வரி எழுதினால் ஓராண்டில் கைவரும். அடுத்துக் கன்னடம். நமக்குச் சோறு போடும் ஊரின் மொழி அது. உற்பத்திக் கூடத்தில் எந்திரத்தருகே நிற்கும் தொழிலாளி தூள் ஒட்டுகிறது, ஈரம் மிகுந்திருக்கிறது என்று முதலில் காண்பவர். அவர் கன்னடத்தில்தான் சொல்வார். புரியாத வேதியியலாருக்கு அந்தச் செய்தி எட்டாது. நான் கற்ற கன்னடச் சொற்களில் எனக்கு மிகவும் பயன்பட்டது 'கொத்தில்லா' என்பது. 'தெரியாது' என்று பொருள். எந்த மொழியிலும் தயங்காமல் சொல்லக் கற்க வேண்டிய சொல் அது!

தமிழை விட்டுவிட்டேனா? இல்லை. ஒரு கருவி எப்படி இயங்குகிறது என்பதை என் அம்மாவுக்குத் தமிழில் விளக்க முயன்றேன். இரண்டு வாக்கியத்தில் தடுமாறினேன். அன்றுதான் எனக்கே அது புரியவில்லை என்பது புரிந்தது. கடன் வாங்கிய சொற்களின் பின்னே நாம் எவ்வளவு எளிதில் ஒளிந்துகொள்கிறோம்! தாய்மொழியில் சொல்லிப் பார்ப்பது அறிவுக்கு உரைகல்.

நான்காவது, நம் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழா நடத்துகிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம். நன்று. திங்களுக்கு ஒரு சனிக்கிழமை மாலையையேனும் இதற்கு ஒதுக்கினால் என்ன? இந்த ஓசூர்ச் சாலை நெடுகிலும் வேலைபார்க்கும் நம் மூத்த மாணவர்களை அழைப்போம். தொழில் இரகசியம் கேட்க வேண்டாம். 'நீங்கள் செய்த முதல் தவறு என்ன?' என்று கேட்போம். நாமும் நம் நோட்டிலிருந்து ஒரு தோல்வியை எடுத்து, எழுந்து நின்று, தமிழில் விளக்குவோம். பிறர் கேள்வி கேட்கட்டும். பரிந்துரைக்க ஆளில்லாத பிள்ளைகள் நாம். உறவினர் இல்லாதவர்க்கு மன்றமே உறவு ஆகட்டும்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் பணிவோடு ஒன்று சொல்வேன். 108 என்று எழுதிவந்து 'காரணம் தெரியவில்லை' என்று நிற்கும் மாணவிக்குப் பத்துக்கு ஐந்தேனும் கொடுங்கள். படியெடுத்த 99.4க்குப் பத்தும் கொடுக்கும்வரை, எங்களைப் பொய் எழுதப் பழக்குவது நாங்கள் மட்டும் அல்லர்.

'எல்லோரும் படியெடுக்கும்போது நான் மட்டும் ஏன் மதிப்பெண் இழக்க வேண்டும்?' என்று நீங்கள் கேட்கலாம். ஞாயமான கேள்வி. இரண்டு மதிப்பெண் போகும். ஆனால் நாட்டின் போக்கைப் பாருங்கள். நல்ல உற்பத்தி முறைக்கான எம் அட்டவணையை 2023ஆம் ஆண்டு இறுதியில் அரசு திருத்தி, விதிகளை இறுக்கி அறிவித்தது. குழந்தைகளின் சாவுக்குப் பின் ஆய்வாளர்களின் கண் முன்னிலும் கூர்மையாகியிருக்கிறது. உண்மை எழுதும் கைகளுக்குத் தேவை பெருகுகிறது. இன்று இழக்கும் இரண்டு மதிப்பெண் நாளை நம் முதலாகும். முதலாகாவிட்டாலும், இரவில் தூக்கம் வரும். என் அன்னையின் கணக்கு அது.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தை முடிக்கும்போது மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார்: நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து, அந்த மருந்தின் அருகே நிற்பவர். அந்த நான்காமவர் மருந்தைப் பிழையின்றி இயற்றித் தருபவரே என்று உரை கண்டோர் உண்டு. நோயாளியை அவர் பார்ப்பதில்லை. நோயாளியும் அவரைப் பார்ப்பதில்லை. இருவருக்கும் இடையே இருப்பது ஒரு கையெழுத்து மட்டும். அந்த நான்காமவர் நாம்!

அடுத்த மாதம் எனக்கு இன்னொரு நேர்முகம் இருக்கிறது. கோட்டு இப்போதும் கடன்தான். ஆனால் பையில் என் நோட்டு இருக்கும். அதன் முதற்பக்கத்தில் 99.4 என்று எழுதி, ஒரே கோடு கிழித்து, 108 என்று திருத்தி, காரணமும் நாளும் இட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வேலை கிடைக்குமா? கொத்தில்லா. கேள்வி வந்தால் சொல்வதற்கு உண்மை ஒன்று இருக்கிறது.

வாருங்கள் தோழர்களே, பிழையை எழுதப் பழகுவோம்!